"மாத்திரை வேண்டாம், விசுவாசம் போதும்" என்கிறாரா பாஸ்டர்? கள்ளப் போதகரை அடையாளம் காண்பது எப்படி

பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் வேலை, தாராவியில் வீடு. இரவு வீட்டுக்கு வந்தால் அம்மா கையில் போன். யூட்யூப் நேரலையில் ஒரு பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்: "இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சகோதரிக்கு இந்த நிமிடமே சர்க்கரை வியாதி நீங்குகிறது." அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு. திரையின் ஓரத்தில் காணிக்கைக்கான க்யூஆர் கோடு. நான்கு நாள் கழித்துப் பார்த்தால் மெட்ஃபார்மின் அட்டை அப்படியே இருக்கிறது. "ஏம்மா போடல?" என்றால், "கர்த்தர் சுகம் குடுத்துட்டாருப்பா, இனி எதுக்கு?"

இது யாரோ ஒருவர் வீட்டுக் கதை அல்ல. தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப், செம்பூர் பக்கம் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஏதாவது ஒரு துண்டாவது பழக்கமாக இருக்கும். இங்கே மகனோ மகளோ மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. எதிர்த்துப் பேசினால் "உனக்கு விசுவாசம் இல்ல" என்று பேச்சு முடிந்துவிடும். சும்மா இருந்தால் அம்மாவின் கண்ணும் சிறுநீரகமும் போகும்.

கிறிஸ்தவ நம்பிக்கைக்குள்ளேயே இதைக் கேட்க வழி இருக்கிறதா? இருக்கிறது, அதுவும் ரொம்பப் பழைய வழி.

யார் கள்ளப் போதகர்?

தமிழ் வேதாகமத்தில் கள்ளத் தீர்க்கதரிசி, கள்ளப் போதகர் என்ற இரண்டு சொற்களும் வருகின்றன. சபைகளில் 'துருபதேசம்' என்றும் சொல்வார்கள். ஆனால் நடைமுறையில் இந்தச் சொற்கள் கண்டபடி வீசப்படுகின்றன. ஞானஸ்நானம் தெளிப்பதா முழுக்குவதா, நகை போடலாமா கூடாதா, ஆராதனை சனிக்கிழமையா ஞாயிற்றுக்கிழமையா என்பதற்கெல்லாம் ஒரு சபை இன்னொரு சபையைக் கள்ளம் என்று சொல்வதுண்டு. அந்தச் சண்டைக்குள் இந்தக் கட்டுரை போகவில்லை.

திருநெல்வேலிச் சீமையிலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. நாசரேத்துக்குப் பக்கத்திலுள்ள பிரகாசபுரத்தில் 1857இல் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை என்பவர் மிஷனெரிகளிடமிருந்து பிரிந்து 'இந்து கிறிஸ்தவ ஏகரட்சகர் சபை'யைத் தொடங்கினார். ஓய்வுநாளைச் சனிக்கிழமை அனுசரித்தார். மிஷனெரிகளின் கண்ணில் அவர் வழிதவறியவர். ஆனால் அவருடைய கோபத்துக்குப் பின்னால் நியாயமான காரணம் இருந்தது. 1849இல் கால்டுவெல் எழுதிய 'தின்னவேலி சாணார்கள்' என்ற ஆங்கில நூல், நாடார் சமூகத்தை இழிவாகச் சித்தரித்ததாக அந்தச் சமூகமே கொதித்தது. மேலிடத்தோடு ஒத்துப்போகாதவர் எல்லாரும் கள்ளப் போதகர் இல்லை. சில சமயம் அவர்தான் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்பவர்.

ஆகவே இங்கே பார்க்கப்போவது ஒரே ஒரு அளவுகோலை: தன்னைச் சோதித்துப் பார்க்க அந்தப் போதகர் விடுகிறாரா? உடம்பு, பணம், வாக்கு ஆகிய மூன்றிலும் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

மும்பையில் ஏன் இது கூடுதல் சிக்கல்?

கத்தோலிக்க, சி.எஸ்.ஐ., மெதடிஸ்ட் போன்ற சபைகளில் போதகருக்கு மேலே ஆள் உண்டு. ஆயர் இருப்பார், சேகரக் குழு இருக்கும், சில வருடத்தில் இடமாற்றம் வரும். அங்கேயும் தப்பு நடக்கிறது, நடக்காது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் புகார் கொடுக்க ஒரு கதவாவது இருக்கிறது. தனிச் சபைகளில் பாஸ்டர், அவர் மனைவி, மகன் என்று நிர்வாகமே ஒரு குடும்பத்துக்குள் அடங்கிவிடலாம்.

அதற்காக மாடி அறையில் நடக்கும் சின்னச் சபையைக் கேவலமாகப் பார்ப்பது தவறு. நடுராத்திரியில் சயான் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்பவர் அநேகமாக அந்தப் பாஸ்டர்தான். மராத்தியும் இந்தியும் சரியாக வராத வயதான பெண்களோடு தமிழில் உட்கார்ந்து பேசுகிறவரும் அவர்தான். துக்க வீட்டில் பந்தல் போட ஆள் பிடிப்பது, ஊருக்குப் பிணத்தை அனுப்ப வழி பார்ப்பது என்று நகரம் செய்யாததைச் சபை செய்கிறது. இப்படிச் சம்பாதித்த நம்பிக்கை என்பதால்தான் யாராவது அதைத் தப்பாகப் பயன்படுத்தும்போது அடி பலமாக விழுகிறது.

போனில் வரும் பாஸ்டர் விஷயம் வேறு. அவர் உங்கள் அம்மாவைப் பார்த்ததே இல்லை. மருந்தை நிறுத்தியபின் என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியப்போவதும் இல்லை.

உடம்பு: சுகமானதைச் சோதிக்கலாமா?

சாட்சிகள் எல்லாமே பொய் என்று நினைக்க வேண்டாம். சொல்பவர் மனதாரத்தான் சொல்கிறார். சிக்கல் நோயின் இயல்பில் இருக்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறினால் உடனே வலிக்காது. மாத்திரையை நிறுத்திச் சில வாரம் ஒன்றும் தெரியாமலே போகலாம். காசநோய் இன்னும் மோசம். மருந்து தொடங்கிச் சில வாரத்திலேயே இருமல் குறைந்து, பசி எடுத்து, உடம்பு தேறும். கிருமி முழுதாகச் செத்திருக்காது. அந்த நேரம் பார்த்து ஒரு சுகமளிக்கும் கூட்டம் வந்தால், மருந்து செய்த வேலைக்கு ஜெபம் பெயர் வாங்கும். மேடையேறிச் சாட்சி சொல்வது அப்போதுதான். மறுபடி படுத்துவிட்டவர் இரண்டாவது சாட்சி சொல்ல மேடைக்கு வருவதில்லை.

சாதாரண காசநோய்க்கே ஆறு மாதம் விடாமல் மருந்து எடுக்க வேண்டும். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத காசநோயாக மாறும் ஆபத்து உண்டு. வீட்டில் ஒரே அறையில் தூங்கும் எல்லோருக்கும் அது பரவும். 2012 தொடக்கத்தில், சோதித்த எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் என்று இந்தியாவையே உலுக்கிய செய்தி, தாராவிக்குப் பக்கத்திலுள்ள மாஹிம் ஹிந்துஜா மருத்துவமனையிலிருந்துதான் வந்தது. (அதில் தப்பான மருந்துச் சீட்டுகளைத்தான் மருத்துவர்கள் குற்றம் சொன்னார்கள், பாஸ்டர்களை அல்ல. ஆனால் பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்ற பாடம் ஒன்றுதான்.)

வேதாகமம் இதில் என்ன சொல்கிறது? மத்தேயு 8ஆம் அதிகாரத்தில் இயேசு ஒரு குஷ்டரோகியைச் சுகமாக்குகிறார். உடனே ஆசாரியரிடம் போய் உன்னைக் காண்பி என்று அனுப்புகிறார். அன்றைய சட்டப்படி தோல் நோய் போய்விட்டதா என்று பரிசோதித்துச் சான்று தரவேண்டியவர் ஆசாரியர்தான். இன்றைய பேச்சில் சொன்னால், "போய் டெஸ்ட் எடுத்துக் காட்டு" என்கிறார். பவுலோடு கூடவே இருந்த லூக்கா ஒரு வைத்தியர், கொலோசெயர் 4ஆம் அதிகாரத்தில் அப்படித்தான் குறிப்பிடப்படுகிறார். தீமோத்தேயுவுக்கு வயிற்றுக் கோளாறு வந்தபோது பவுல் சொன்னது கொஞ்சம் திராட்சரசம் குடிக்கும்படி. விசுவாசம் போதாது என்று திட்டவில்லை.

ஆகவே "ஜெபிக்கிறேன், மருந்தையும் விடாதீங்க" என்பவர் ஒரு ரகம். "மருந்து எடுத்தா விசுவாசக் குறைவு" என்பவர் வேறு ரகம். சுகம் கிடைக்காவிட்டால் பழியை நோயாளியின் விசுவாசத்தின்மேல் போடுகிறாரா என்றும் பாருங்கள். அப்படிப் போட்டால் அவர் ஒருநாளும் தோற்கவே முடியாது.

அற்புதம் நடந்தால் மட்டும் ஆள் உண்மையானவர் ஆகிவிடுவாரா? மலைப்பிரசங்கத்தின் கடைசிப் பகுதி அதற்கும் இடம் கொடுக்கவில்லை. தன் பெயரால் பேய்களைத் துரத்தினோம், அற்புதங்கள் செய்தோம் என்று வருபவர்களில் பலரைத் தனக்குத் தெரியவே தெரியாது என்று சொல்லிவிடுவதாக இயேசு அங்கே எச்சரிக்கிறார்.

வாக்கு: சொன்னது நடந்ததா?

உபாகமம் 18இல் உள்ள சோதனை மிக எளிது. கர்த்தர் பெயரால் சொன்னது நடக்கவில்லையா, அது கர்த்தர் சொன்னது அல்ல. இதைக் கறாராகப் பிடித்துக்கொண்டிருந்தால் பல சபைகள் பிளந்திருக்காது.

19ஆம் நூற்றாண்டுக் கதை ஒன்று. பாலக்காட்டுப் பக்கம் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் கிறிஸ்தவராகி, சி.எம்.எஸ். மிஷனில் குருவானவர் யுஸ்து யோசேப்பு. வித்வான்குட்டி என்றால் கேரளத்தில் தெரியும், அவர் எழுதிய மலையாளக் கீர்த்தனைகளை இன்றும் பாடுகிறார்கள். திருவிதாங்கூரில் பரவிய எழுப்புதலில் தலைவராக வளர்ந்த அவர், 1881இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று 1875இல் நாள் குறித்தார். பலர் சபையை விட்டு அவர் பின்னால் போனார்கள். 1881 வந்தது, போனது. வழக்கமாகக் கூட்டம் கலைந்திருக்க வேண்டும். மாறாக, 'யூயோமயம்' என்ற தனிச் சபை பிறந்தது. வாக்கு தவறியதற்குப் புது விளக்கம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். அவர் மோசடிக்காரர் என்று நினைக்கத் தோன்றவில்லை. அவரே அதை முழுமையாக நம்பினார் என்றுதான் படுகிறது. கள்ளப் போதனை செய்பவர் கள்ள மனதோடுதான் செய்வார் என்ற அவசியம் இல்லை.

இன்னும் பக்கத்தில், நம் தாத்தா காலத்து ஆள், பாலாசீர் லாறி (1921–1989). 1960களில் சுகமளிக்கும் கூட்டங்களால் பெயர் பெற்ற தமிழ்ப் பிரசங்கியார். அமெரிக்கச் சுகமளிப்பு ஊழியர் வில்லியம் பிரன்ஹாமின் செல்வாக்கு அவர்மீது உண்டு. கிறிஸ்தவ மேடையில் தொடங்கியவர், போகப்போகத் தன்னையே இரண்டாம் வருகையாக முன்னிறுத்தினார். ஸ்ரீ லஹரி கிருஷ்ணா என்று அழைக்கப்பட்டார். திருநெல்வேலி மாவட்டம் முக்கூடல் அருகே ஓடைமறிச்சானில் அவருடைய மனுஜோதி ஆசிரமம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் அவரைக் கல்கி அவதாரமாகவே நம்புகிறார்கள். நம்ப அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் கிறிஸ்தவ சபைகளின் பார்வையில் அவர் தாண்டிய கோடு எது என்று கவனியுங்கள். முதலில் கிறிஸ்துவைக் காட்டியவர், பிறகு தன்னைக் காட்டினார். இது ஒரே நாளில் நடக்கவில்லை. முதல் கூட்டத்துக்குப் போனவர்கள் யாரும் கல்கி அவதாரத்தைப் பார்க்கப் போகவில்லை, காலிலும் வயிற்றிலும் வலியோடு ஜெபத்துக்குப் போனார்கள்.

இந்த நகர்வு இன்றும் அப்படித்தான். மேடையில் வசனம் குறைந்து "கர்த்தர் எனக்குச் சொன்னார்" கூடுவது, எண்ணெய் பாட்டிலில் பாஸ்டர் படம் ஏறுவது, ஜெபிக்கும்போது அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லச் சொல்வது. ஒவ்வொன்றும் சின்னதாகத்தான் தெரியும்.

பணம்: யார் பெயரில் போகிறது?

தசமபாகம் கொடுப்பதா வேண்டாமா என்பது உங்கள் நம்பிக்கை. பார்க்கவேண்டியது கணக்கை.

முதல் நூற்றாண்டின் முடிவிலோ அதை ஒட்டியோ எழுதப்பட்ட 'திதாகே' என்ற கிறிஸ்தவக் கையேடு ஒன்று உண்டு. 1873இல் கான்ஸ்டான்டினோபிளில் அதன் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. ஊர் ஊராக வரும் போதகரைச் சோதிக்க அதில் உள்ள விதிகள் படிக்கப் படிக்கச் சிரிப்பு வரும், அவ்வளவு நேரடி. மூன்று நாள் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி. கிளம்பும்போது பணம் கேட்டாலும் கள்ளத் தீர்க்கதரிசி. மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் போட்டு, கடைசி நாள் விசேஷ காணிக்கை எடுப்பவர்கள் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள் போல.

பவுல் எருசலேம் ஏழைகளுக்குப் பணம் சேர்த்தபோது தனியாக எடுத்துப் போகவில்லை. சபைகள் நியமித்த சகோதரர்களைக் கூட அனுப்புகிறார். யாரும் தன்னைக் குறை சொல்ல இடம் வரக்கூடாது என்பதே காரணம் என்று 2 கொரிந்தியர் 8இல் அவரே விளக்குகிறார். பவுலுக்கே சாட்சி தேவைப்பட்டிருக்கிறது என்றால் நம்ம பாஸ்டருக்கு ஏன் கூடாது?

யூபிஐயில் அனுப்பும்முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். டிரஸ்ட் பெயரா, தனி ஆள் பெயரா? மகாராஷ்டிராவில் பொது அறக்கட்டளைகள் 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி அறநிலைய ஆணையரிடம் (சாரிட்டி கமிஷனர்) பதிவு செய்து, கணக்கைத் தணிக்கை செய்து கொடுக்க வேண்டும். மும்பையில் அந்த அலுவலகம் வொர்லியில் இருக்கிறது. பதிவு எண் என்ன, ரசீது உண்டா என்று கேட்பது அவமரியாதை இல்லை. "ஆயிரம் விதைத்தால் லட்சம் வரும்" என்ற விதைக் காணிக்கைப் பேச்சுக்கு எந்த ரசீதும் வராது. அந்த லட்சம் வராவிட்டால் யாரிடம் கேட்பது?

பதிவும் தணிக்கையும் இருந்தால் போதும் என்றும் இல்லை. சிங்கப்பூரின் சிட்டி ஹார்வெஸ்ட் சபையில் இரண்டுமே இருந்தன. அப்படியும் சபை நிறுவனர் கொங் ஹீ உட்பட 6 பேர் சுமார் 5 கோடி சிங்கப்பூர் டாலர் சபைப் பணத்தை முறைகேடாகக் கையாண்டதாக 2015இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனைவியின் பாப் இசைப் பயணத்துக்குச் சபைப் பணம் போனது என்பதே வழக்கின் மையம். கவனிக்கவேண்டியது இன்னொன்று. 2003இலேயே ஒரு சபை உறுப்பினர் இதைக் கேட்டுவிட்டார். கடைசியில் அவரே பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து மன்னிப்புக் கேட்கும்படி ஆனது.

"அபிஷேகம் பெற்றவரைத் தொடாதே" என்றால்?

கேள்வி கேட்பவரை அடக்க அதிகம் பயன்படும் ஆயுதம் இந்த வசனம்தான், சங்கீதம் 105இல் இருக்கிறது. அங்கே போய் முன்பின் படித்தால் விஷயம் வேறு. நாடில்லாமல் அலைந்த ஆபிரகாம் குடும்பத்தைத் தாக்காதீர்கள் என்று ராஜாக்களுக்குச் சொன்னது அது. பலமுள்ளவனிடமிருந்து பலமில்லாதவனைக் காக்கச் சொன்ன வார்த்தை, இன்று மைக் பிடித்தவரைக் காக்கப் பயன்படுகிறது.

அபிஷேகம் பெற்ற தாவீதை நாத்தான் முகத்துக்கு நேரே கண்டித்தான். பேதுருவை எல்லோர் முன்னிலையிலும் பவுல் கேட்டார், கலாத்தியர் 2ஆம் அதிகாரம். பவுலே பிரசங்கித்தபோதுகூட, அவர் சொன்னது சரிதானா என்று பெரோயா ஊர்க்காரர்கள் தினமும் வேதத்தைப் புரட்டிச் சரிபார்த்தார்கள். அப்போஸ்தலர் 17 அவர்களைத் திட்டவில்லை, மெச்சுகிறது.

கேள்வி கேட்க முடியாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு 2025 ஒரு உதாரணம் தந்தது. பஞ்சாபில் பெருங்கூட்டம் சேர்த்த 'தீர்க்கதரிசி' பஜிந்தர் சிங்குக்கு, 2018இல் பதிவான பாலியல் வன்கொடுமை வழக்கில் மொஹாலி நீதிமன்றம் ஏப்ரல் 1 அன்று ஆயுள் தண்டனை விதித்தது. புகார் கொடுத்த பெண் ஏழு வருடம் போராட வேண்டியிருந்தது. கென்யாவின் ஷகஹோலா காட்டில் 2023இல் தோண்டியெடுக்கப்பட்ட 400க்கும் மேற்பட்ட சடலங்கள், பட்டினி கிடந்தால் பரலோகம் என்று போதித்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு போதகரின் சபையாருடையவை.

சட்டம் என்ன சொல்கிறது?

மூடநம்பிக்கைக்கு எதிராகப் போராடிய நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புனேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பல வருடமாகக் கேட்ட சட்டம் சில நாட்களில் அவசரச் சட்டமாக வந்து, டிசம்பரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. மகாராஷ்டிர மாந்திரீகத் தடுப்புச் சட்டம் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். அற்புதம் காட்டுவதாகச் சொல்லிப் பணம் பறிப்பது, பேய் ஓட்டுவதாகக் கட்டிவைத்து அடிப்பது, பாம்பு, நாய் கடித்தவரைச் சிகிச்சைக்குப் போகவிடாமல் தடுப்பது, தெய்வ சக்தி இருப்பதாகச் சொல்லிப் பாலியல் சுரண்டல் செய்வது ஆகியவை இதில் குற்றம். தண்டனை 6 மாதம் முதல் 7 வருடம் வரை, 5,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம். எந்த மதத்துக்கும் பொருந்தும். உடலுக்கும் பணத்துக்கும் கேடு விளைவிக்காத ஜெபம், வழிபாட்டுக்கு விலக்கு உண்டு, தேவாலயங்களையும் சேர்த்தே.

1954ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒன்று புற்றுநோய், சர்க்கரை, பக்கவாதம் போன்றவற்றை மந்திர சக்தியால் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. ஜெப எண்ணெய் அதற்குள் வருமா என்பது ஒவ்வொரு வழக்கையும் பொறுத்தது.

ஆனால் புகார் கொடுக்கச் சபை மக்கள் தயங்குவதற்கு வேறு காரணம் இருக்கிறது. மதமாற்றக் குற்றச்சாட்டும், ஜெபக் கூட்டத்தில் புகுந்து மிரட்டுவதும் செய்தியாகும் காலத்தில், "நம்ம ஆளையே நாமளே காட்டிக்கொடுக்கிறதா?" என்ற பயம் சும்மா வருவதில்லை. அந்தப் பயத்தைக் கள்ளப் போதகரும் நன்றாக அறிவார். வெளியாரின் தாக்குதல் என்று சொல்லிவிட்டால் உள்ளேயிருந்து வரும் கேள்வியும் அதோடு சேர்ந்து அடங்கிவிடும். பழைய சபையின் ஆயர், வேறொரு சபையின் மூத்த போதகர் என்று இன்னொரு கிறிஸ்தவரிடம் முதலில் பேசிப் பார்க்கலாம். அடி, பாலியல் தொல்லை, குழந்தை சம்பந்தப்பட்டது என்றால் அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், நேரே காவல் நிலையம்தான்.

சரி, அம்மாவிடம் எப்படிப் பேசுவது?

"அந்த ஆள் ஃபிராடு" என்று தொடங்கினால் அன்றோடு முடிந்தது. அம்மாவைப் பொறுத்தவரை நீங்கள் திட்டுவது பாஸ்டரை அல்ல, அவர் கண்ணீரோடு செய்த ஜெபத்தை. அதற்குப் பதில், "சுகம் கிடைச்சது சந்தோஷம்மா. குஷ்டரோகிய ஆசாரியர்கிட்ட அனுப்பின மாதிரி நாமளும் ஒரு டெஸ்ட் எடுத்துப் பாத்துருவோமா?" என்று கேட்டுப் பாருங்கள். ஹெச்பிஏ1சி பரிசோதனை கடந்த இரண்டு மூன்று மாத சர்க்கரை அளவைக் காட்டும். ரிப்போர்ட் வரும்வரை மாத்திரை தொடரட்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். அளவு நன்றாக வந்தாலும் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான்.

காசநோய் மருந்தைப் பாதியில் விட்டிருந்தால், மிச்சமிருக்கும் அட்டையிலிருந்து நீங்களாக மறுபடி தொடங்காதீர்கள். எத்தனை நாள் விட்டுப்போனது என்று எண்ணிக்கொண்டு, மருந்து வாங்கிய அதே மையத்துக்கு நோயாளியைக் கூட்டிப் போங்கள். மறுபடி சளிப் பரிசோதனை தேவையா என்று அவர்கள் முடிவு செய்வார்கள். மருந்து இலவசம், சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாயும் வங்கிக் கணக்குக்கு வரும். அரசின் காசநோய் உதவி எண் 1800-11-6666.